நாலாம் மேசைப் பழி

ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அவருடைய மூக்கிலிருந்து ஆரம்பிப்பது மரியாதையா என்று கேட்காதீர்கள். என் அத்தானை, அதாவது என் அக்கா வீட்டுக்காரரை, வேறு எங்கிருந்தும் ஆரம்பிக்க முடியாது. கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் மேலே அண்ணாந்து பார்த்து, "பரண்மேல எலி செத்துக் கிடக்குங்க. ரெண்டு நாள் ஆயிருக்கும்" என்றார். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஏணி போட்டுப் பார்த்தால் எலி கிடந்தது. பெண்ணைப் பார்க்க வந்தவர் எலியைப் பார்த்துவிட்டுப் போனார் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

பால் திரியப் போவது பாலுக்கே தெரியாது, அவருக்குத் தெரியும். நான் சோப்பை மாற்றினால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பழக்கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே, "வாங்குறதுன்னா வாங்குங்க, மோந்து பார்க்குறதுன்னா அடுத்த கடைக்குப் போங்க" என்று சத்தம் போடுவார். அத்தானுக்கு அதில் கோபம் கிடையாது, பெருமைதான். சொல்லப்போனால் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். படிப்பு எட்டாவதோடு நின்றது, உயரமும் இல்லை, பேச்சும் கொஞ்சம் திக்கும். மூக்கு மட்டும் ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

அந்த மூக்கை நம்பித்தான் அவருக்கு வேலையே. காய் நறுக்கும் தொழிற்சாலை அது, பின்னால் நானும் சேர்ந்த இடம். முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி எல்லாவற்றையும் நறுக்கி, கழுவி, தண்ணீர் சொட்டாமல் சுழற்றி, பையில் அடைத்து அனுப்புவோம். ஆஸ்பத்திரிகள், ஆபீஸ் கேன்டீன்கள், விடுதிகள் எல்லாம் வாங்கும். பையைப் பிரித்து அப்படியே சாப்பிடலாம் என்று மேலே அச்சடித்திருக்கும். வம்பே அங்கேதான். அடுப்பில் ஏற்றினால் கிருமி சாகும், அதற்குச் சாமர்த்தியம் வேண்டாம். காய் பச்சையாகவும் இருக்கவேண்டும், கடித்தால் சத்தம் வரவேண்டும், கிருமியும் இருக்கக்கூடாது என்றால்? வெந்நீர் பட்ட வெள்ளரி துவண்டுபோகும். ஆகவே சூடு என்ற பேச்சே இல்லாமல் காரியத்தை முடிக்கவேண்டும். வசதியுள்ள இடங்களில் ஓசோன் விடுகிறார்கள், புற ஊதா விளக்கு வைக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஐஸ்போலக் குளிர்ந்த தண்ணீரும் குளோரினும்தான்.

ஒரு பஸ் நீளத்துக்கு ஸ்டீல் தொட்டி. ஒரு முனையில் நறுக்கிய காய் விழும், குமிழி விட்டுப் புரண்டு மிதந்து, மறுமுனையில் பெல்ட் ஏறும். எல்லோரும் ஒன்றைத் தப்பாக நினைக்கிறார்கள். அந்தத் தொட்டி கெட்ட இலையை நல்ல இலையாக்காது. கிருமி காயின் வெட்டுப்பட்ட இடத்துக்குள் புகுந்துவிட்டால் எளிதில் வெளியே வராது. தொட்டியின் முக்கியமான வேலை, ஓர் இலையிலிருந்து தண்ணீரில் இறங்கும் கிருமி பக்கத்து இலைக்குத் தாவுவதற்குள் அதைத் தீர்த்துக்கட்டுவது. தண்ணீரில் மருந்து வேலை செய்யாவிட்டால் தொட்டியே கிருமியை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் அனுப்புவது எவ்வளவோ மேல்.

அத்தான் அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு. காலையில் கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக வந்து, தொட்டிமேல் குனிந்து, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுப்பார். "ரெண்டு குவளை ஊத்துங்க" என்பார். அல்லது "போதும்" என்பார். எங்கள் ஆலையில் முதன்முதலாக ஆய்வுக்கூடம் என்று ஒன்று வந்து, வெளியிலிருந்து வரவழைத்த கருவியில் அளந்து பார்த்தபோது, அவர் சொன்னதற்கும் கருவி சொன்னதற்கும் வித்தியாசம் ஒரு மயிரிழைகூட இல்லையாம். அன்றிலிருந்து அவர் பெயர் மீட்டர். சின்னவர்களுக்கு மீட்டர் அண்ணன். முதலாளிகூட "மீட்டர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, ஒரு ரெஜிஸ்டர். மணிக்கு ஒருமுறை தொட்டியில் ஒரு ஸ்ட்ரிப்பை முக்கி எடுக்கவேண்டும். விரல் நீளக் காகிதத் துண்டு. நல்ல குளோரின் இருந்தால் ஊதா நிறமாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். நிறத்துக்கு ஏற்ற எண்ணை ரெஜிஸ்டரில் எழுதவேண்டும். குழந்தைகூடச் செய்துவிடும்.

இனி மின்னலைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலாம் மேசையில் வெள்ளரி நறுக்கிய பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். கத்தி வேகம் அப்படி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, புருஷன் எங்கோ, இவள்தான் எல்லாம். வாய் ஓயாது. "மீட்டர் அண்ணே, எங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமையல், சொல்லுங்க பார்ப்போம்" என்று வம்பிழுப்பாள். அத்தான் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, "சமைக்கவே இல்ல. நேத்து வாங்கின ரொட்டி. குழந்தைக்கு மட்டும் பால்" என்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மறுநாள் அக்கா கொடுத்த சாப்பாட்டு டப்பா ஒன்று அவள் அலமாரியில் இருக்கும். யார் வைத்தது என்று அவர் சொன்னதே இல்லை.

ஒரு கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. மணிக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் பிடிப்பதை மேனேஜர் நிறுத்திவிட்டார். வடிகட்டியும் பம்பும் வந்தன. பிடித்த தண்ணீரையே ஷிப்ட் முடியும்வரை சுற்றிவிட வேண்டும். மழை வந்தது, தட்டுப்பாடு போனது, பம்ப் மட்டும் போகவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கண்ணாடிபோலத்தான் இருந்தது.

அந்தக் காலையில் ஆர்டர் இரண்டு மடங்கு. ஒன்பது மணிக்கு நான் ஸ்ட்ரிப்பை முக்கினேன், அது வெள்ளையாகவே நின்றது. அத்தானிடம் காட்டினேன்.

"அத்தான், இது நிறமே மாறலை."

அவர் தொட்டிமேல் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கே மூக்கு எரிந்தது. "இவ்வளவு காரமா அடிக்குது, மருந்து இல்லேன்னு சொல்றியே. ஸ்ட்ரிப் நமத்துப் போயிருக்கும். மூடியைச் சரியா மூடுன்னா கேக்குறியா?" என்றார். கோபமில்லை. வீட்டில் உப்பு ஜாடியை மூடாததற்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் ரெஜிஸ்டரில் நல்ல எண்ணாக ஒன்றை எழுதினேன்.

இதோடு நின்றிருந்தால் இன்று என் மனசு இவ்வளவு அரிக்காது. பத்து மணிக்கு அலமாரியிலிருந்து புது டப்பா எடுத்தேன். சீல் உடைக்காத டப்பா. உடைத்து, ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து, அத்தான் அந்தப் பக்கம் பெல்ட்டைச் சரிசெய்து கொண்டிருந்தபோது முக்கினேன். வெள்ளை. இன்னொன்று முக்கினேன். வெள்ளை. இரண்டையும் கோட் பைக்குள் போட்டுக்கொண்டேன். சொன்னால் லைன் நிற்கும். மேனேஜர் கத்துவார். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அத்தனை பேர் நடுவில் அத்தானை மூக்கறுக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவர், அக்காவின் புருஷன், மீட்டர். அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. பத்து மணிக் கட்டத்திலும் அதே எண்ணை எழுதினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு பேருக்கு வாந்தி பேதி. எல்லோரும் எங்கள் பையிலிருந்து சாப்பிட்டவர்கள். அவர்களில் டைப்பிஸ்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், அந்த வாரக் கடைசியில் இறந்துபோனார். அவரை நான் பார்த்ததில்லை. வேகமாக டைப் அடிப்பாராம், பேரன் பத்திரிகைப் பேட்டியில் சொல்லியிருந்தான்.

அதிகாரிகள் வருவதற்குள் தொட்டி மூன்று தடவை காலியாகி மூன்று தடவை நிரம்பிவிட்டது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. மிச்சமிருந்தது ரெஜிஸ்டர்தான், அதில் என் கையெழுத்து அழகாக இருந்தது. தொட்டி தப்பித்தது. மேசை மேசையாகப் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்கள். நாலாம் மேசைப் பலகையில் ஒரு கீறல், கீறலுக்குள் அதே கிருமி. அது வயலிலிருந்து வெள்ளரியோடு வந்திருக்கலாம், எந்த மேசைக்கும் வரலாம், அதைத் தடுக்கத்தானே தொட்டி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மின்னலுடைய மேசை. கூடவே, கைகழுவும் ரெஜிஸ்டரில் அன்றைக்கு ஒரு கட்டத்தில் அவள் கையெழுத்து இல்லை.

மேனேஜர் அறையில் விசாரணை. அத்தானைக் கேட்டார்கள். "தண்ணி நல்லா இருந்துச்சு சார். கண்ணு எரியிற அளவுக்கு மருந்து இருந்துச்சு" என்றார். அது பொய்யே இல்லை, அவர் மனதறிய உண்மை. என்னைக் கேட்டார்கள். "ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் சார்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோறு பரிமாறுகிறவர்கள் பூசணிக்காயைத் தேடவில்லை என்றால் போதும்.

மின்னலைக் கேட்டார்கள்.

"கை கழுவினேன்னுதான் சார் நினைக்கிறேன்."

அந்த 'நினைக்கிறேன்' அவளைக் கவிழ்த்தது. ஒருநாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறவளுக்கு எந்தத் தடவை நினைவிருக்கும்? உண்மையாகப் பேசினாள், வேலை போயிற்று. உடைமாற்றும் அறையில் செருப்பை எடுக்க வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கழுவினேன்தானே? நீங்க அந்தப் பக்கந்தானே இருந்தீங்க, பார்த்திருப்பீங்களே?"

"விடு. வேற வேலை கிடைக்கும்" என்றேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் கோட் பைக்குள் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அந்த இரண்டு ஸ்ட்ரிப்புகளையும் சாக்கடையில் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நிஜமான மீட்டர் வந்தது. தண்ணீருக்குள்ளேயே கம்பி இருக்கும், சுவரில் எண் ஓடும், குறைந்தால் தானே அலறும். மாட்டிவிட வந்த பொறியாளர் ஒரு சின்னப் பெண். எங்களைச் சுற்றி நிற்கவைத்து இரண்டு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்தாள். இரண்டிலும் ஒரே அளவு குளோரின் விட்டாள். ஒன்றில் மட்டும் அரைத்த முட்டைக்கோஸ் சாற்றை ஊற்றிக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தாள். "யாராவது மோந்து பாருங்க. எதுல மருந்து அதிகம்?"

எல்லோரும் அத்தானை முன்னால் தள்ளினார்கள். அவர் இரண்டையும் முகர்ந்தார். சந்தேகமே இல்லாமல் சாறு விட்ட வாளியைக் காட்டினார்.

பெண் ஸ்ட்ரிப்பை முக்கினாள். நல்ல தண்ணீரில் அடர்த்தியாக ஊதா ஏறியது. அத்தான் காட்டிய வாளியில் வெள்ளை.

"எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க சார்" என்றாள், அவரைச் சமாதானம் செய்வதுபோல. "குளோரினுக்குக் கிருமி எது, சாறு எதுன்னு தெரியாது. சாறோட கட்டிப் புரண்டே தீர்ந்துபோயிடும். அப்படித் தீர்ந்ததுலேருந்து வர்றதுதான் இந்தக் காட்டமான நெடி. நெடி ஏற ஏறப் பயப்படணும். தண்ணியை மாத்திக்கிட்டே இருந்தா மூக்கு சரியாச் சொல்லும். ஒரே தண்ணியைச் சுத்தவிட்டா மூக்கு தலைகீழாத்தான் சொல்லும்."

சிலர் சிரித்தார்கள். "என்ன மீட்டர், யானைக்கும் அடி சறுக்குமா?" என்றார் பெல்ட்காரர். அத்தான் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை செஞ்சு காட்டும்மா" என்றார். அவள் செய்து காட்டினாள். மறுபடியும் முகர்ந்தார், மறுபடியும் அதே வாளி. பிறகு வெளியே போய் லாரி நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றார். நான் பின்னால் போனேன்.

"நீ வெள்ளைன்னு சொன்னே. நான்தான் நமத்துப் போச்சுன்னு சொன்னேன்" என்றார். "அந்தப் பொண்ணு என்னடி பாவம் பண்ணிச்சு?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுக்கொள்ளும் நிலைமையில்தான் இருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அவர் மேனேஜரிடம் போய்த் திக்கித் திக்கிச் சொன்னார். முடிந்துபோன விஷயத்தைக் கிளறவேண்டாம் என்று பதில் வந்தது. முதியோர் இல்லத்துக்குப் போனார், இறந்துபோன அம்மாளின் பேரன் வீட்டுக்குப் போனார், அங்கே என்ன நடந்ததென்று அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. பிறகு மின்னலைத் தேட ஆரம்பித்தார். பழைய விலாசத்தில் ஆளில்லை. ஞாயிறு ஞாயிறாக அலைந்தார், ஏழெட்டு மாதம். கடைசியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருக்கிறாள் என்று தெரிந்தது. என்னையும் கூப்பிட்டார். "எனக்குப் பேச்சு வராது. ஸ்ட்ரிப் பார்த்தவ நீ. நீ சொன்னா நம்பும்." மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஒரே அறை. சுவரோரம் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. பொத்தான் தைக்கும் வேலை. சாப்பாடு தொடுகிற எந்த வேலைக்கும் அவள் போகவில்லையாம். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், சிரித்தாள், உடனே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, மருந்து தடவியிருந்தது. மூலையில் அவள் மகள் ஸ்பூனால் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருந்த அரைமணி நேரத்தில் அவள் மூன்று முறை கை கழுவினாள்.

அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வாளியைப் பற்றி, சாற்றைப் பற்றி, நெடியைப் பற்றி. "உன்மேல தப்பே இல்லம்மா. தண்ணிதான். தண்ணிக்குப் பொறுப்பு நான். என் மூக்கு" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு, "நான் இவளுக்கு ஒரு வாய் ஊட்டி மூணு வருஷம் ஆகுதுண்ணே. கை வராது. ஒரு உசிரைக் கொன்ன கைன்னு..." என்றாள். அழவில்லை. "உங்களுக்கு இது அப்பவே தெரியாதுல்லண்ணே?"

"சத்தியமா தெரியாதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். அவரை நம்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை ஸ்பூனைக் கீழே போட்டது, அவள் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குப் பத்து மணிக்கே" என்றேன். "புது டப்பா உடைச்சுப் பார்த்தேன். அதுவும் வெள்ளைதான்."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அது அந்த நிமிஷம்வரை தெரியாது.

"உங்ககிட்டதானேக்கா கேட்டேன்" என்றாள் மின்னல். அவ்வளவுதான் சொன்னாள். ஸ்பூனை எடுத்துக் கழுவப் போனாள், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் திரும்பி வரவில்லை. நாங்கள் படியிறங்கினோம்.

மறுவாரம் அத்தான் வேலையை விட்டார். மின்னலைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், எல்லாத் தப்பும் தன்னுடையது என்று. அதில் என் பெயர் இல்லை. மேனேஜர் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, ஆனால் விஷயம் கசிந்தது. மீட்டரின் மூக்குதான் ஓர் உயிரைக் குடித்தது என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தார். என்னிடம் எப்போதும்போலவே பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஒருநாள் அழுது தீர்த்திருப்பேன். அக்கா பால் திரிந்துபோயிற்றா என்று பாத்திரத்தை நீட்டினால், "எனக்குத் தெரியலை, நீயே பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. ஆலைப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. "உங்க அத்தான் இப்படி ஒரு தப்பைச் செஞ்சிட்டாரேடி" என்று அவர் போன பிறகும் என்னிடம்தான் அழுதாள். ஒவ்வொரு தடவையும் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மின்னல் விஷயத்தில் செய்ததையே இரண்டாம் முறை என் அத்தானுக்கும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் தடவினேன்.

அவர் மூக்கு தப்பாகச் சொன்னது, உண்மை. ஒன்பது மணிக்கு அது தப்பு. பத்து மணிக்கு அது தப்பில்லை, அது நான். அந்தப் பைகள் எல்லாம் பத்தரைக்கு மேல்தான் ஆலையை விட்டு வெளியே போயின. அக்கா இதைப் படிப்பாள். படித்த பிறகு அவள் எனக்குக் கதவைத் திறக்காமல் போனால், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.